நாய்க்கும் மரக்கறி

வெள்ளி, இரவு

இன்று ஜிம்மி மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வரவில்லை. இரவில் கருவாடு காயப்போடும் என் வாடியைக் காத்துவிட்டு, விடிய என் பின்னால் வீட்டுக்கு ஓடி வருகிற நாய் அது. தேடிப் போனால், அண்ணன் வீட்டு முற்றத்தில் மீன் தலை தின்றுகொண்டிருந்தது. காணிச் சண்டைக்குப் பிறகு நான் மிதிக்காத முற்றம்.

அண்ணி சிரித்தார். "தவக்காலமெண்டு நாய்க்கும் மரக்கறியோ தம்பி? கருவாட்டு முதலாளியின்ர நாய் மீனுக்கு எங்களிட்ட வருது."

கூப்பிட்டேன். வாலை ஆட்டியது, எழும்பவில்லை. எட்டு வருடம் சோறு போட்டவன் நான்.

அண்ணன் கதிரையிலிருந்தபடியே சொன்னார்: "பொழுதுபட நீயே வந்து கூட்டிக்கொண்டு போ. ஆள் அனுப்பாத."

வாடிக்குக் காவல் வேண்டுமே. ஒத்துக்கொண்டேன். உயிர்த்த ஞாயிறு வரை சாப்பாடு அங்கே, காவல் இங்கே. கூட்டி வர ஒவ்வொரு நாளும் நானே அந்த முற்றத்துக்குப் போக வேண்டும்.