விழுந்து கொடுத்தவள்

ஜூன் 4

அன்புள்ள மகாராணிக்கு,

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. ஜூடோ கூடம் டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே சுத்தியல் விழுந்தால் இங்கே விரிப்பு அதிர்கிறது. கூடத்து முதலாளி நல்ல மனிதர்தான். நான் வகுப்பில் ஓயாமல் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கேட்காமலேயே சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதி வைத்துவிட்டார்: 'எதிராளிக்குத் தக்கபடி மாறு'. பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அழிக்கச் சொல்லவும் மனசு வரவில்லை.

நெட்டையன் என்று ஒரு பையன் இருக்கிறான், நல்ல உடம்பு. இந்த மாதக் கடைசியில் அவனுக்குப் போட்டி. வீடும் பார்த்துவிட்டேன். சமையலறை சின்னது, தண்ணீர் காலையில் மட்டும்தான். உனக்கென்ன, எங்கே கொண்டுபோய் விட்டாலும் ரெண்டு மாதத்தில் ஒட்டிக்கொள்வாய். நீ வேலை பார்க்கும் கிளினிக்கில் சொல்லிவிட்டுக் கிளம்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி செயல்விளக்கம் கேட்கிறார். நீ இல்லாமல் நான் யாரைத் தூக்கி வீசுவது?

உன்,
மாஸ்டர்

ஜூன் 11

மாஸ்டருக்கு,

நலம். போனில் நீங்கள் "பாத்துக்கலாம் விடு" என்பீர்கள், நானும் "சரி" என்று வைத்துவிடுவேன். போன மூன்று ஊருக்கும் அப்படித்தான் மூட்டை கட்டினேன். அதனால்தான் இந்த முறை எழுதுகிறேன்.

எலும்பு டாக்டர், நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி தரும் அறையை முழுக்க என் பொறுப்பில் விட்டிருக்கிறார். ஜன்னல் ஓரத்துக் கட்டிலை நகர்த்தச் சொன்னேன், மறுநாளே நகர்த்திவிட்டார்கள். சிரிக்காதீர்கள். எனக்காக ஒரு பொருள் இடம் மாறி எத்தனை நாளாயிற்று என்று அன்று யோசித்துப் பார்த்தேன்.

சுவரில் எழுதியிருப்பதைப் பற்றி ஒரு சந்தேகம். நீங்கள் போட்டிக்குப் போன காலத்தில் யாருக்காக மாறினீர்கள்? இடது கைப் பிடி, உள்ளே திரும்பி இடுப்பில் ஏற்றி வீச்சு. எப்போதும் அது ஒன்றுதான். வந்தவனுக்கெல்லாம் அது முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் விழுந்தான். குள்ளன், குண்டன், வலது கைக்காரன் எல்லோரும்தான் உங்களுக்காகத் தங்கள் ஆட்டத்தை மாற்றிப் பார்த்தார்கள். மாற்றியவன் தோற்றான். பிறகு எதற்காகப் பிள்ளைகளுக்கு வேறு பாடம்?

கோபமாகப் படிக்காதீர்கள். 'மாறு' என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறது, நீங்களும் சொல்கிறீர்கள். எனக்குத்தான் அலுத்துவிட்டது. கிளினிக்கில் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 27

அன்புள்ள மகாராணிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன். சண்டை வேறு, குடித்தனம் வேறு என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் இது நடந்துவிட்டது.

நெட்டையன் அரையிறுதி வரை வந்தான். அதில் எதிராளி தூண் மாதிரி நின்றான். இவன் உள்ளே புகுந்து திரும்பிவிட்டான், பாதி வீச்சு. அவன் அசையவில்லை. நான் ஓரத்திலிருந்து "மாத்துடா, மாத்து!" என்று கத்தினேன். பையன் மாற்றினான், ஆனால் ஊன்றிய கால் மாறவில்லை. எதிராளி அந்தக் கால் மேலேயே சரிந்தான். முழங்கால். சத்தம் எனக்கே கேட்டது. ஆஸ்பத்திரியில் அவன் அப்பா என்னைத் திட்டவில்லை. "மாஸ்டர், அவன் சரியா மாத்தலையோ?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இன்னொன்று. அதற்கு முந்தின ஞாயிறு செயல்விளக்கம். டயர் கடையில் வேலை செய்யும் ஒருவரை நிறுத்தி என் வீச்சைக் காட்டினேன். மனிதர் நகரவே இல்லை. மறுபடி செய்தேன். என் முதுகுதான் பிடித்துக்கொண்டது. "என்ன மாஸ்டர், இன்னும் பில்டப்பா?" என்று கேட்டுக் கூட்டம் சிரித்தது. உன்னை வீசும்போது காற்றைத் தூக்குவது போல இருக்கும். இத்தனை வருடமும் நீயாகவே தாவிக்கொண்டிருந்தாயா?

வாடகை வீட்டுக்கார அம்மா நீ எப்போது வருகிறாய் என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

உன்,
மாஸ்டர்

ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் பையன். காலை யாரையும் நீவ விடாதீர்கள். ஸ்கேன் எடுங்கள். வீக்கம் வடியும் வரை ஐஸ் மட்டும், கால் உயரமாக இருக்கட்டும். படம் வந்ததும் அனுப்புங்கள், டாக்டரிடம் காட்டுகிறேன். அவன் அப்பாவிடம் மறுபடி போய், பையன் மேல் தப்பு இல்லை என்று சொல்லுங்கள். செய்ய வந்ததை முடிக்க விட்டிருந்தால் தோற்றிருப்பான், அவ்வளவுதான். நடந்து வீட்டுக்குப் போயிருப்பான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், தாவினேன். முதலில், அடிபடாமல் விழவேண்டுமே என்று. பிறகு, உங்கள் முதுகு வலி தெரிந்து. அப்புறம் உடம்புக்கே பழகிவிட்டது. உங்கள் கை தோளில் பட்டதுமே கால் தானாகத் தரையை விட்டுவிடும். ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஆசை. போட்டியில் விழுந்தவர்கள் யாரும் தாவியதில்லை. அந்த வீச்சு உங்களுடையதுதான், அதில் சந்தேகப்படாதீர்கள்.

வீட்டுக்கார அம்மாவிடம் நான் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். பயிற்சி அறை வேலையை நிரந்தரமாக ஒப்புக்கொண்டுவிட்டேன். இந்த வீட்டின் வாடகை ஒப்பந்தத்தையும் என் பேரில் புதுப்பித்துவிட்டேன். ரெண்டையும் உங்களைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீங்கள் நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்லியிருப்பீர்கள், நான் மறுபடி பரணிலிருந்து பெட்டியை இறக்கியிருப்பேன். அதற்கு இப்போது தெம்பில்லை.

உங்களை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தால் சந்தோஷம்தான். ஆனால் முன் அறையில் என் சாமான்கள் இருக்கின்றன, அவை அங்கேயேதான் இருக்கும். பஸ் நிலையத்துக்கு என்னால் வர முடியாது. ஆறு மணி வரை கிளினிக்கில் ஆட்கள் இருப்பார்கள். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும். வாங்கித் திறந்து, உள்ளே உட்கார்ந்திருங்கள்.

இப்படிக்கு,
நான்