உன் அறைத் திரைச்சீலை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமா, பாப்பாவுக்குச் சளி விட்டதா? இங்கே நான் நலம், உன் அப்பாவின் லட்சணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

எங்கள் லேபில் இப்போது சிகரெட் புகைக் கறையைச் சோதிக்கிறோம், புகை கலைந்த பிறகும் சுவரிலும் துணியிலும் ஒட்டிக்கிடக்கிற நிகோடின் நாளாக ஆகப் புற்றுநோய் தருகிற பொருளாக மாறிவிடுகிறது, துணியை ஊறவைத்து அந்த நீரை மெஷினில் விட்டு அது எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க, புகையே படாத துணி ஒன்று வேண்டும் என்றார் மேலாளர் அம்மா. என் வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டு இரண்டு வருடமாகிறது என்று பெருமையடித்துக்கொண்டு உன் அறைத் திரைச்சீலையில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போனேன். வந்த துணிகளிலேயே அதில்தான் கறை அதிகம்! மெஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைத் திட்டி, குப்பியெல்லாம் கழுவி, மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் அதே கணக்கு. “உங்க வீட்ல யாரும் பிடிக்கிறதில்லன்னீங்களே?” என்று மேலாளர் அம்மா கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டால், “அவ ரூம்ல போய் உக்காந்தா கை தானா பாக்கெட்டுக்குப் போகுது, நான் என்ன பண்ண?” என்கிறார். உன்னை நினைத்துக்கொண்டு ஊதினாராம், பாசத்தைக் காட்ட வேறு வழியே கிடைக்கவில்லை இந்த மனுஷனுக்கு. பாப்பா படுக்கப்போகிற அறை என்று கத்தினேன். இன்றோடு விட்டேன் என்று சத்தியம் செய்து, திரைச்சீலையைத் தூக்கிப் போட்டு, சுவரையெல்லாம் தேய்த்துக் கழுவினார். போன வாரம் அவரே புதுச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, “இதையும் பாத்துச் சொல்லு, பாப்பாவத் தூக்கறப்ப இதத்தான் போட்டுக்கப் போறேன்” என்றார். ஊதிவிட்டுச் சோப்புப் போட்டுத் துவைத்தால் கறை போய்விடும் என்று நினைத்திருக்கிறார். நேற்று முடிவு வந்தது, வாங்கி இருபது நாள்கூட ஆகாத சட்டையில் அத்தனை கறை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

நான் சொன்னால் மெஷின்மேல் பழி போடுவார், நானும் அதைத்தானே செய்தேன். நீங்கள் வர இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நீயே போன் செய்து, நிறுத்தினால்தான் பாப்பாவைக் கையில் தருவேன் என்று சொல்லிவிடு. அதட்டாமல் சொல்.

மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். வரும்போது அவர் அளவில் ஒரு சட்டை வாங்கி வா, மறந்துவிடாதே. அவர் நிறுத்தியிருந்தால் மட்டும் பையிலிருந்து எடு.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா