கூட்டமாகச் சொன்ன வாக்கியங்கள்

தங்கைக்கு,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். நீ வீட்டில் இருக்கும்போதே பூட்டு சரிசெய்பவர் வந்தால் பின்கதவைக் காட்டு.

முந்தாநாள் என் வகுப்பைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "அண்ணே, கோஷம் போட வைக்கிற மாதிரி இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறீங்க. சேர்ந்து நல்லாத்தான் கத்துறாங்க. பரீட்சையில தனியால்ல உட்காரணும்?"

"போராட்டத்தில் கோஷம் போட்டே ஆயிரம் பேரை எழுப்பிவிட்டவனுக்கு நீ பாடம் எடுக்காதே" என்று சீறினேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

உன் சொல்லைப் பொய்யாக்கவே, நேற்று இரவுப் பள்ளியில் எல்லோரையும்விடக் குரல் உயர்ந்த தையற்காரப் பெண்ணைத் தனியே எழுப்பி, ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னேன். முதற்சொல்லோடு நின்றாள், துணைக்குக் குரல் வருமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அடுத்தவனும் அப்படியே. அதற்கடுத்தவளும் அப்படியே.

நாளை தேர்வு. உழைத்துக் களைத்த பிறகும் படிக்க வந்த பிள்ளைகள் அவர்கள். தவறினால் கல்லூரிக் கதவு அடைபடும், அடைத்தவன் நானாவேன். கல்லெறிக்கு அஞ்சாதவன் இன்று அஞ்சுகிறேன்.

இன்று விடுமுறை என்பதால் அவர்களைக் காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொருவரையும் தனியே எழுத வைக்க வேண்டும். அந்த வித்தை உனக்குத்தான் தெரியும். கோபம் ஆறாவிட்டால் கோபத்தோடே வா. வகுப்பை நீ நடத்து; நான் வாய் திறக்கமாட்டேன்.

அண்ணன்

பி.கு.: செருப்பை மாட்டிவிட்டேன், ஆனால் தனியே போக மனம் வரவில்லை. வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்ததும் கூப்பிடு, சேர்ந்தே போவோம்.