வெம்பிளி வீட்டுத் துப்பாக்கிகள்

அண்ணா,

இன்று காலை லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு கடையில், யாரோ மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். துப்பாக்கிக் கட்டைகளுக்கு நீங்கள் அதைத்தான் பூசுவீர்கள்; உங்கள் வெம்பிளி வீட்டு முன்னறையின் மணம். கூடையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

நான் முதல்முறை வந்தபோது கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கேட்டீர்கள்: "உம்மை ஆர் அனுப்பினது?"

"பழம்பொருள் ஏலத்துல பார்த்தப்ப நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"ஓம், சொன்னனான்தான்" என்று யோசித்துவிட்டுத் திறந்தீர்கள். நானும் சந்தேகத்தோடுதான் நுழைந்தேன். போருக்குத் தப்பி வந்த யாழ்ப்பாணத்துக்காரர் சுவரில் எதற்குத் துப்பாக்கி மாட்டவேண்டும்?

நான்கு இருந்தன. எல்லாம் நூறு வயது தாண்டிய அமெரிக்கத் துப்பாக்கிகள். அவற்றுக்குரிய தோட்டாக்கள் வழக்கொழிந்துவிட்டதால் உரிமம் தேவைப்படாதவை. ஒன்றை எடுத்து, விசையைச் சுற்றி வளையமாக இருந்த நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தீர்கள். அந்த ஒரே அசைவில் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும் என்றீர்கள். முதலில் பித்தளை உடல், பிறகு இரும்பு, பிறகு எஃகு என்று அதன் வரலாறு முழுவதையும் அந்தச் சுவரிலேயே காட்டினீர்கள்.

ஏலத்தில் நீங்கள் எவரையும் நம்பியதில்லை. அமெரிக்கப் பழங்குடி வீரர் ஒருவருடையது என்று, மரக்கட்டையில் பித்தளை ஆணிகள் பதித்த துப்பாக்கி ஒன்றை விற்க வைத்திருந்தார்கள். நான் மயங்கிப்போனேன். நீங்கள் சட்டைப்பையிலிருந்து சிறு காந்தத்தை எடுத்து ஆணியில் வைத்தீர்கள். ஒட்டிக்கொண்டது. "உள்ளுக்கை இரும்பு. மேலாலைதான் பித்தளைப் பூச்சு. விடும்."

பிறகுதான் உங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். நான்கையும் பார்த்துவிட்டு, தவறொன்றுமில்லை என்று போய்விட்டார்கள். மறுநாள் நான் வந்தபோது உள்ளே விடவில்லை நீங்கள்.

"நீரோ சொன்னது?"

"நானா? நான் எதுக்கண்ணா சொல்லப்போறேன்?"

"வீட்டுக்கை வந்து இதுகளைப் பாத்தது நீர் ஒராள்தான்."

திரும்பி நடந்தேன். நீங்கள் கூப்பிடவில்லை. ரயிலில், தபால்காரர், பக்கத்து வீட்டார், ஏலக்காரர் என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன். அதன்பின் நாம் பேசவேயில்லை. நீங்கள் போய்விட்ட செய்தியைக்கூட ஏல அறையில் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

துக்கம் விசாரிக்கப் போனபோது சுவர் வெறுமையாக இருந்தது. உங்கள் மனைவி தேநீரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நான்தான் தம்பி பொலிசுக்கு ஃபோன் அடிச்சனான். ஊரிலை ஆமி வீடு வீடாத் தேடின பயம் எனக்கு இன்னும் போகேல்லை. அதுகள் சுவரிலை இருக்க என்னாலை நித்திரை கொள்ள ஏலாமல் கிடந்தது."

"அண்ணாவுக்குத் தெரியுமா?"

"ஓம். அவர் உங்களைத் திருப்பி அனுப்பின அண்டைக்கே சொல்லிட்டன். அவர் என்னை ஏசேல்லை. 'இது வெளியிலை தெரிஞ்சால் உன்னை என்னெண்டு நினைப்பினம்' எண்டு மட்டும் சொன்னவர்."

நான் தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன்.

"கோபமோ, தம்பி?"

"இல்லைங்க" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இன்னமும் ஏலங்களுக்குப் போகிறேன். போலியை ஓரளவு கண்டுபிடித்துவிடுகிறேன். உங்கள் மௌனம் எதற்கென்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை. மனைவியைக் காப்பாற்றினீர்களா, அல்லது என்னிடம் வந்து "பிழை விட்டிட்டன்" என்று சொல்ல வாய் வரவில்லையா? முன்னதுதான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன், அண்ணா. இதை மட்டும் காந்தம் வைத்துச் சோதித்துப் பார்க்கவில்லை.