போர்வைக்குள் செருப்பு

மார்கழி 9, புதன், இரவு

கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற வயதில், இன்று மாமனாரின் செருப்பை ஒளித்து வைத்தேன். பட்டாளத்தில் இருந்தவர். மார்கழி வந்தால் செருப்பைப் போர்வைக்குள் வைத்துத்தான் தூங்குவார். வருசா வருசம் கிண்டல் செய்வேன். சாயங்காலம் வெறுங்காலோடு தேடினார்.

"அம்மிணி, என்ற செருப்பப் பாத்தியா?"

"அதுக்குச் சளி புடிச்சிருச்சுங்க மாமா. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்."

சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"சண்டை நடந்தப்ப பனிமலையில பூட்ஸை வெளிய வெச்சா விடியறதுக்குள்ள கல்லாப் போயிரும், சாமி. கட்டிப்புடிச்சுட்டுத்தான் படுப்போம். பக்கத்துல படுத்த பையன் மறந்துட்டான். எழுப்பிச் சொல்லியிருக்கோணும். அசந்து தூங்கறானேன்னு உட்டுப்போட்டேன்."

காலையில் அவனால் பூட்ஸுக்குள் காலை நுழைக்க முடியவில்லையாம். சாக்கைச் சுற்றிக்கொண்டு பனியில் நடந்தானாம். பிறகு இரண்டு பாதத்தையும் எடுத்துவிட்டார்களாம்.

இத்தனை வருசம் இதையா கிண்டல் செய்தேன். செருப்பைத் துடைத்து நானே போர்வைக்குள் வைத்தேன். உடம்பெல்லாம் அசதி, ஆனால் தூக்கம் வரவில்லை.

சற்று முன் கொல்லைப்புறம் போகலாமென்று எழுந்தால், வாசலில் என் செருப்பைக் காணோம். அவர் போர்வைக்குள் இரண்டு ஜோடி இருக்கிறது. நல்ல தூக்கம். எழுப்பவில்லை. வெறுங்காலோடு போய் எருமைச் சாணியை மிதித்தேன்.