பானைக்குள் எட்டுப் பேர்

மார்ச் 4, செவ்வாய். காலை 9.40. லிஃப்டுக்குள் என்னையும் சேர்த்து எட்டுப் பேர்.

தரைத்தளத்தில் கதவு திறந்தபோது லிஃப்ட் தரைக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. பின்னால் வந்தவர் தடுக்கி என் முதுகில் விழுந்தார். எடை கூடினால் அடிக்கிற மணி வாயே திறக்கவில்லை. உள்ளே தரை முழுக்கக் கிரானைட், மூன்று சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. போன வருஷம் குடியிருப்போர் சங்கம் அழகுக்காகப் போட்டது. அழகுக்கும் எடை உண்டு என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

நானும் ஸ்பானர் அண்ணனும் வருடாந்திரச் சோதனைக்குப் போயிருந்தோம். லிஃப்டைப் பராமரிக்கிற எங்கள் கம்பெனியில் அவர் எனக்குப் பல வருஷம் மூத்தவர். கையில் ஸ்பானர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. காலி லிஃப்டை மேலே அனுப்பினார், கீழே வரவழைத்தார்.

"டெஸ்ட் ஓவர். கையெழுத்தைப் போடு தம்பி, கிளம்பலாம்."

"எடை ஏத்தவே இல்லையேண்ணே."

"இப்பத்தானே எட்டுப் பேரு வந்தோம்? அதான் டெஸ்ட்டு."

நான் போடவில்லை.

மார்ச் 5

மேனேஜர் கூப்பிட்டார். "வருஷா வருஷம் கையெழுத்தாகுற லிஃப்ட் அது. உனக்கு மட்டும் பேனா ஓடலியோ? டெஸ்ட்னா என்னன்னு எனக்கே கிளாஸ் எடுக்கறியா? உன் தகுதிகாண் காலம் இன்னும் முடியல, ஞாபகம் வச்சுக்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வரணும்."

டெஸ்ட் என்றால் என்ன? கேட்டுவிட்டார் இல்லையா, பார்த்துவிடுவோம். இந்த ஒரு வார்த்தையை என்ன பாடு படுத்துகிறோம் — ரத்தம் எடுத்தால் டெஸ்ட், பரீட்சை வைத்தால் டெஸ்ட், ஐந்து நாள் கிரிக்கெட் ஆடினால் டெஸ்ட், மைக்கைத் தட்டி ஹலோ சொன்னால் டெஸ்ட். பட்டனை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாலும் டெஸ்ட்டாம்!

அக்கா கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். வீட்டில் தலையணை தடிமனுக்கு ஓர் அகராதி வைத்திருக்கிறாள். வார்த்தை எங்கே பிறந்தால் யாருக்கு என்ன என்று அவளை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். இன்று நானே போய் நின்றேன். விடுவாளா?

"என்னடா, இன்னைக்கு மழை கொட்டப் போகுது!"

பானை. டெஸ்ட் என்றால் முதலில் பானை. லத்தீனில் மண்கலம். பிறகு, தங்கம் வெள்ளியை உருக்கித் தரம் பார்க்கிற கிண்ணத்துக்கு அந்தப் பெயர் வந்திருக்கிறது. எலும்புச் சாம்பலைப் பிடித்து அப்படிக் கிண்ணம் செய்வார்களாம். ஈயத்தோடு சேர்த்து உருக்கினால் மட்டமான உலோகமெல்லாம் ஈயத்தோடு போய்விடும், கிண்ணம் அதைக் குடித்துவிடும். தங்கம் இருந்தால் அடியில் ஒரு மணியாக நிற்கும். இல்லையென்றால் ஒன்றும் மிஞ்சாது. போகப்போகக் கிண்ணத்தின் பெயரே அதற்குள் நடந்த வேலைக்கும் பெயராகிவிட்டது.

இதை ஏன் ஒரு வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை?

"அப்ப டெஸ்டிமனி? கோர்ட்டுல சொல்ற சாட்சி?" என்றேன்.

"அது வேற குடும்பம்டா. மூஞ்சி ஜாடை மட்டும்தான். ஆனா பிரெஞ்சுக்காரங்க தலைக்குச் சொல்ற வார்த்தை இதே பானையிலேர்ந்து வந்ததுதான். உன்னைப் பாத்தா நம்ப முடியுது."

அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 6

மேனேஜரிடம் சொன்னேன். நெருப்பே மூட்டாமல் பானையைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தங்கம் என்று எழுத என்னால் முடியாது, ஏற வேண்டிய எடை ஏறட்டும் என்றேன். ஆபீஸே சிரித்தது. 'பானை சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும்.

மதியம் அந்த லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினேன். சாவி என் பையில். எட்டாவது மாடியில் குடியிருக்கிற ஓர் அம்மா இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வந்து நின்றார்.

"லிஃப்டை நிறுத்திட்ட. சரி. அப்படியே படிக்கட்டையும் டெஸ்ட் பண்ணிடுப்பா. நான் முன்னாடி போறேன், நீ பையைத் தூக்கிட்டு பின்னாடி வா."

தூக்கிக்கொண்டு போனேன். எட்டு மாடியும் மூச்சு வாங்கிக்கொண்டே திட்டினார்.

மார்ச் 7, வெள்ளி

போடவில்லை.

மார்ச் 9

சோதனைக்கான இரும்புக் கட்டிகள் கம்பெனி கோடவுனில்தான் கிடந்தன — கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து! கோடவுன் சாவி ஸ்பானர் அண்ணனிடம். "உன் வாயை அடைக்கிறதுக்காவது வரேன்" என்றார். வேன் அக்கா வீட்டுக்காரருடையது. "மச்சான், ஒரு பொண்ணைத் தூக்க வண்டி கேட்டிருந்தா சந்தோஷமா குடுத்திருப்பேன். இரும்பைத் தூக்கக் கேக்குறியே!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்திக் கட்டிகளை ஏற்றினோம். கடைசிச் சிலவற்றை வெளியே நின்றே தள்ளினோம். கட்டி ஒன்று இருபத்தைந்து கிலோ. இருபத்துநான்காவது கட்டி உள்ளே போனது. மணி அப்போதுதான் அடித்தது. கூடவே லிஃப்ட் தானாக இறங்க ஆரம்பித்தது. பிரேக் பிடித்தபடியே இருக்கிறது, பெட்டி வழுக்கிக்கொண்டு போகிறது. அடியில், குழிக்குள் இருக்கிற ஸ்பிரிங்கில் மோதி நின்றது. எட்டுப் பேர், ஆளுக்கொரு பை — அவ்வளவு எடைதான். இது எட்டாவது மாடியில் நடந்திருந்தால்?

ஸ்பானர் அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கிரானைட் போட்டதும் அஞ்சு பேரு ஏறினாலே மணி அடிச்சுதுடா. டெய்லி போன் பண்ணித் தொல்லை. நான்தான் கல்லோட சேத்தே காலி லிஃப்டு, எடை பூஜ்யம்னு மணிக்கு செட் பண்ணி வச்சேன். மணி நின்னுச்சு. எல்லாரும் தேங்க்ஸ் சொன்னாங்க."

மணிக்குக் கல் தெரியாது. பிரேக்குக்குத் தெரியும். கோபம் வந்தது.

"இது ஒண்ணுதானாண்ணே?"

ஸ்பானரைக் கீழே வைத்தார். "இதே மாதிரி இன்னும் பதினொரு லிஃப்டு."

எட்டாவது மாடி அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். "அன்னைக்குத் திட்டினது திட்டினதுதான், வாபஸ் கிடையாது. குடி."

மார்ச் 10

"கம்பெனி மானத்தைக் கப்பலேத்திட்ட. நாளையிலேர்ந்து வராத." போனில் மேனேஜர், அரை நிமிஷம். அந்தப் பதினொன்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் வைத்துவிட்டார்.

வீட்டில் அப்பா, "ஒரு கையெழுத்துதானேடா" என்றார். ஆமாம்ப்பா, ஒரு கையெழுத்துதான். என்னுது.

மார்ச் 12

கிரானைட்டைப் பெயர்க்கிறார்கள். சங்கமே ஆள் வைத்திருக்கிறது. தெருமுனை வரை சம்மட்டிச் சத்தம் கேட்கிறது. காதுக்கு இதமாக இருக்கிறது.

இனி செய்ய வேண்டியவை:

1. அகராதியை அக்காவிடம் திருப்பிக் கொடுப்பது. அதற்கு முன் 'ஓகே' எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது. மேனேஜர் அதையும் நிறையச் சொல்வார்.

2. வேலை தேடுவது. பழைய கம்பெனி ஏன் அனுப்பியது என்று கேட்டால் உள்ளதைச் சொல்வது. சிரித்தால் எழுந்து வந்துவிடுவது.

3. மாமாவிடம் எல்லா ஞாயிற்றுக்கிழமைக்கும் வேன் கேட்பது. பொண்ணு விஷயம் பேசினால் காது கேட்காத மாதிரி இருப்பது.

4. அந்தப் பதினொன்று. வேலை போனால் என்ன, கோடவுன் சாவி இன்னும் ஸ்பானர் அண்ணனிடம்தான் இருக்கிறது. வருகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். எந்தச் சங்கமாவது லிஃப்டைத் தொடவிடாவிட்டால், பேச எட்டாவது மாடி அம்மா வருகிறார்.