துடுப்பில் அம்மு

1932 பிப்ரவரி 13, சனி

குழந்தை அம்முவின் படம் காத்திவாக்கத்து மாமனார் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மச்சான் ஹென்றி கொண்டுவந்து கொடுத்தான். மாமனார் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். "காயிதம்தானே, உப்புக்காத்துல ரெண்டு நாளு தாங்குமா" என்றாராம். எல்லாம் சாக்கு. கட்டுமரக்காரர் பெண்ணைப் படம் பிடிக்கிறவன் கட்டிக்கொண்டதிலிருந்து அவர் இந்த ராயபுரத்து வீட்டு வாசப்படி மிதித்ததில்லை. பேத்திக்கு ஐந்து மாதம் ஆகிறது. டோரதி குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டிருந்தாள். சாப்பிட்டேன், வேறு என்ன செய்ய.

பிப்ரவரி 15

டோரதிக்கு ஒரு யோசனை. "காயிதம்தானே ஆவாது? மரத்துல போடு." வெள்ளி மருந்தைப் பசையில் கலக்கி எதன்மேல் பூசினாலும் படம் விழும் என்று கல்யாணமான புதிதில் அவளிடம் ஜம்பம் அடித்தது நான்தானே. தன் நைனாவின் பழைய துடுப்பு ஒன்றை ஹென்றியிடம் கேட்டு வாங்கிவிட்டாள்.

பிப்ரவரி 26

ஸ்டூடியோ இருட்டறையில் மருந்து பூசினேன். முகம் வந்தது. கழுவும்போது அப்படியே வழுக்கிக்கொண்டு தண்ணீரோடு போய்விட்டது. மரத்தில் இத்தனை வருஷத்து மீன் எண்ணெய் — எங்கே ஒட்டும்? வீட்டுக்கு வந்து சொன்னேன். "போவட்டும், மூஞ்சி வந்திச்சில்ல" என்றாள். இவளை என்ன சொல்ல.

மார்ச் 4, வெள்ளி

முதலாளி பக்ருதீன் சாயபு ஜும்மா தொழுகைக்குப் போனால் மத்தியானம் கடை அடைப்பு. எனக்குப் பகலில் கிடைப்பது அந்த நேரம்தான். துடுப்பை எண்ணெய் போகச் சோடா போட்டுத் தேய்த்துக் காயவைத்து, அடியில் பூச எலும்புப் பசையை வீட்டு அடுப்பில் காய்ச்சினேன். தெருவே மணத்தது. பக்கத்து வீட்டு ஆலிஸ் எட்டிப் பார்த்தாள். "தவசுகால வெள்ளிக்கெழம, ஆட்டுக்கால் பாயா வேவுதா? நல்லா கீதே." கறி தொடக்கூடாத நாள் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. மரத்துக்குப் பூச என்றேன். நம்புவாளா? துடுப்புக்கு எவன் பாயா பூசுவான்?

மார்ச் 8

நேற்று ராத்திரி கடை மூடினபின் பசைமேல் மருந்து பூசிப் படம் போட்டேன். ஒட்டிக்கொண்டது. அம்மு துடுப்பில் சிரிக்கிறாள். காது ஒன்று சரியாக விழவில்லை. அவளைத் தூக்கிக் காட்டினேன். தன் முகத்தையே நக்கப் பார்த்தாள்.

மார்ச் 10

ஹென்றி ஓடி வந்தான். ஆலிஸ் மீன் வாங்கிய இடத்தில் சொல்லி, சேதி காத்திவாக்கம் வரை போயிருக்கிறது. "நைனா ஒரே பேஜாரு மாமு. தவசுகாலத்துல என் பொண்ணுக்குப் பாயா ஆக்கிப் போடறானான்னு குதிக்கிறாரு." இனி துடுப்பை அனுப்பினாலும் வேண்டாம் என்பார். டோரதி சாப்பிடவில்லை. எனக்குப் புத்தி எங்கே போயிற்று — சனியன் பிடித்த பசை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சியிருக்கக்கூடாதா?

மார்ச் 12, சனி

வந்தார். மாமனார் வந்தே விட்டார். சண்டைக்கு. என்னைத் தள்ளிக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்குப் போனார். "எங்கடா அந்த சட்டி?" எடுத்துக் கொடுத்தேன். மோந்து பார்த்தார். "கலீஜா கீது. இத்தையா துன்றீங்க?" டோரதி துடுப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவினார். "என் துடுப்பு" என்றார். அப்புறம், "எங்க இவ?" என்றார்.

தூங்குகிற பிள்ளையை எழுப்பக்கூடாது என்று என்னை அதட்டுகிறவள், ஓடிப்போய் எழுப்பித் தூக்கி வந்தாள்.

மார்ச் 27, ஈஸ்டர்

பூசை முடிந்து மாமனார் மறுபடி வந்தார். அம்மு அவர் தோளில் பால் கக்கினாள், துடைக்க விடவில்லை. கிளம்பும்போது துடுப்பைத் துணியில் சுற்றி நீட்டினேன், உங்களுக்காகச் செய்தது என்று. வாங்கவில்லை.

"இங்கயே கெடக்கட்டும். நான் வந்து பாத்துக்கினு போறேன்" என்றார்.

டோரதி துணியை அவிழ்த்து, துடுப்பைச் சுவரில் சாத்திவைத்தாள்.